எத்தனை மணி நேரம் என்பதற்கு முன், யாருடைய கைப்பேசி, எந்த வேளையில் என்று கேட்போம்

பொருநைக்கரை ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் நெல்லை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பணியாற்றுகிறேன். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் மாணவர்களின் கைப்பேசிப் பழக்கத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்று பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். என்ன தீர்மானம் கொண்டு செல்வது என்று முடிவு செய்யும் முன், இங்குள்ள பெற்றோர், மாணவர், துறை அறிந்தோர் ஆகியோரின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

இந்தப் பேச்சு எங்கு எழுந்தாலும் ‘ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கிறான்’ என்ற கேள்வியில் தொடங்கி, ‘பிடுங்கி வைத்துவிடுங்கள்’ என்ற அறிவுரையில் முடிந்துவிடுகிறது. நடந்த மாற்றம் என்ன என்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவின் விலை சரிந்த பிறகுதான் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் காணொளி பார்ப்பது அன்றாட வழக்கமாயிற்று. அதற்கு முன் இணையம் வேண்டுமென்றால் பேருந்து ஏறி நகரத்து பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டும். அங்கே நான்கு பேர் கண்ணில் படும்படி அமர வேண்டும். நேரத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். பிறகு டிக்டாக் வந்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்து, அதே மாதத்தில் அதை விலக்கிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். 2020 ஜூன் 29 அன்று ஒன்றிய அரசு அந்தச் செயலியை நாடு முழுவதும் தடை செய்தது. பத்து நாள்களுக்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் முதன்முதலாக இந்தியாவில்தான் சோதனைக்கு விடப்பட்டது. செயலி போயிற்று, பழக்கம் போகவில்லை. அது வேறு இரண்டு இடங்களில் குடியேறி முன்னைவிட ஆழமாக வேரூன்றியது. தடையைப் பற்றிப் பேசும் எவரும் இந்த அனுபவத்தை மறந்துவிடக் கூடாது.

அதே காலத்தில்தான் பள்ளிகளும் மூடிக் கிடந்தன. 2020 மார்ச்சில் வீட்டுக்குப் போன எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் வகுப்பறைக்குத் திரும்பினார்கள். கல்வித் தொலைக்காட்சி ஒரு பக்கம் பாடம் நடத்தியது என்றாலும், பீடி சுற்றும் தாய்மார்கள்கூடக் கடன் வாங்கி ஒரு ஸ்மார்ட்போன் வாங்க வேண்டிய நிலையை அந்த இருபது மாதங்கள் உண்டாக்கின. பாடத்துக்கென்று வந்த கருவி, பள்ளி திறந்த பின்னும் வீட்டிலேயே தங்கிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளின் கற்றல் நிலையை ஆய்வு செய்து 2025 ஜனவரியில் வெளியான ஏசர் அறிக்கை நாட்டின் கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதைப் பாருங்கள். 82.2 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்திருக்கிறது. அவர்களுள் 57 விழுக்காட்டினர் முந்தைய வாரத்தில் கல்விக்காக அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 76 விழுக்காட்டினர் சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய கவலை ஒன்றும் இருக்கிறது. ரீல்ஸ் என்றால் நடனமும் நகைச்சுவையும் என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கக் கூடும். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இருபது வினாடிகூட ஓடாத காணொளி அது. பேருந்து நிறுத்தத்தில் பையன்கள் சிலர் தோளோடு தோள் சேர்த்து நிற்கிறார்கள். முகம் சரியாகத் தெரியவில்லை. மணிக்கட்டில் கட்டிய கயிறுகள் மட்டும் நெருக்கத்தில் காட்டப்படுகின்றன. அந்தக் கயிற்றின் நிறம் எந்தச் சாதியைக் குறிக்கும் என்பது இந்தப் பகுதியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பின்னணியில் ஒரு பாட்டு. கீழே அடுத்த ஊர்ப் பையன்களின் பதில்கள். இரவு பதினொரு மணிக்குப் போட்ட அந்தக் காணொளியின் விளைவை நாங்கள் மறுநாள் காலை வகுப்பறை இருக்கைகளில் பார்த்தோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சாதி வெறியால் சக மாணவர்களால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் கயிறுகளைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்றது. கையிலிருந்து கயிற்றை அவிழ்க்க எங்களால் முடிகிறது; திரையில் கட்டப்படும் கயிற்றை என்ன செய்வது? அந்தப் பையன் அன்றைக்கு அரை மணி நேரம் மட்டுமே கைப்பேசியைப் பார்த்திருக்கக் கூடும். மணிக்கணக்கு இங்கே எதையும் சொல்வதில்லை.

அதனால்தான் கேட்கிறேன்: அளவைப் பார்ப்பதா, பார்க்கப்படுவதைப் பார்ப்பதா, பார்க்கும் வேளையைப் பார்ப்பதா? பள்ளி எதில் கைவைக்க முடியும்?

பின்னலாடை நகர் எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் ஆறாம் வகுப்பு. ‘பிடுங்கி வைத்துவிடுங்கள்’ என்று சொல்பவர்கள் எங்களைப் போன்ற வீடுகளின் நடப்பை அறிந்து சொல்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் இருப்பவை இரண்டு கைப்பேசிகள். கணவருடையது அவரோடு வண்டியில் போய்விடும். என்னுடையதைப் பகல் முழுவதும் வீட்டில் விட்டுச் செல்ல வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்துவிட்டார்களா, சாப்பிட்டார்களா என்று கேட்க வழியில்லை. ஆர்டர் அவசரமாக இருக்கும் நாள்களில் ஓவர்டைம் முடிந்து நான் வீடு சேர இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும். அதுவரை அந்தக் கைப்பேசிதான் என் பிள்ளைகளுக்குத் துணை. அது கெடுதல் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெருவில் விளையாடுவதற்கு இடமும், மாலையில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தால் அதை நான் கையோடு எடுத்துச் சென்றுவிடுவேன்.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். கைப்பேசியைக் கொடுக்காதீர்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லும் அதே பள்ளி, வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில்தான் போடுகிறது. பெயரைச் சொல்ல விரும்பவில்லை. பல பள்ளிகளில் இதுதான் நடக்கிறது. எட்டரை மணிக்கு வரும், ஒன்பது மணிக்கும் வரும். ‘நாளைக்கு சார்ட் வேண்டும்’ என்று ஒன்பதரை மணிக்கு ஒரு செய்தி. அதைப் பார்க்கக் கைப்பேசியை எடுத்த பையன், பார்த்து முடித்ததும் அதைக் கீழே வைப்பான் என்று எந்தத் தாயும் எதிர்பார்க்க முடியாது. எழுதிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து நான் சமையலறையில் இருப்பேன். போய்ப் பார்த்தால் நோட்டு திறந்தபடி கிடக்கும், அவன் விரல் ஷார்ட்ஸைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

அவன் பார்ப்பதெல்லாம் என் கணவரின் ஜிமெயில் கணக்கில்தான் ஓடுகிறது. அந்தக் கணக்கின்படி பார்ப்பவருக்கு 41 வயது. அதனால் என் மகனுக்கு என்ன காட்ட வேண்டும் என்று யூடியூப் முடிவு செய்யும்போது அவன் சிறுவன் என்பதே அதற்குத் தெரிவதில்லை. ரம்மி விளம்பரம், கடன் செயலி விளம்பரம், பெரியவர்களுக்கான பேச்சு எல்லாம் அவன் கண்முன் வந்து போயிருக்கின்றன. மணி நேரத்தைக் குறைத்தாலும் இந்தக் கேடு குறையப்போவதில்லை என்று ஐயா சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

மெல்பர்ன் வாசி எழுதியது:

இழை தொடங்கிய ஆசிரியருக்கு நன்றி. ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழ்ப் பெற்றோர் என்ற முறையில் இங்குள்ள சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது என் கடமை என்று எண்ணுகிறேன். ஊரிலிருந்து பேசும் உறவினர்கள் எல்லாரும் ‘உங்கள் நாட்டில் தடை செய்துவிட்டார்களாமே’ என்றுதான் தொடங்குகிறார்கள்.

2024 நவம்பர் இறுதியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. 16 வயதுக்கு உட்பட்டோர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூடியூப், ரெட்டிட் முதலிய தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாதபடி அந்த நிறுவனங்கள் தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும். தவறினால் 4 கோடியே 95 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை தண்டத்தொகை. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை என்பதை ஊரில் பலர் கவனிப்பதில்லை. வாட்ஸ்அப்புக்கு இது பொருந்தாது. கணக்கில்லாமல் யூடியூப் பார்ப்பதையும் சட்டம் தடுக்கவில்லை. முதல் சில வாரங்களிலேயே ஏறத்தாழ 47 இலட்சம் கணக்குகள் முடக்கப்பட்டன என்று அரசு அறிவித்தது.

என் மகளுக்கு 14 வயது. ஸ்னாப்சாட்டில் நாள்தோறும் படம் அனுப்பி எண்ணிக்கையைக் காப்பாற்றும் ‘ஸ்ட்ரீக்’ வழக்கம் அவளுக்கும் அவள் தோழிகளுக்கும் இருந்தது. ஒரு நாள் விட்டாலும் அதுவரை சேர்த்த எண்ணிக்கை போய்விடும் என்பதால், நாங்கள் முகாம் போன இடங்களில்கூட சிக்னல் தேடி அலைவாள். கணக்கு முடங்கிய அன்று அழுதாள். அதன் பிறகு தோழிகள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டார்கள். பேச்சு குறையவில்லை, ஸ்ட்ரீக் மட்டும் ஒழிந்தது. வயதைக் கூட்டிக் காட்டித் தப்பித்துக்கொண்ட பிள்ளைகளும் அவள் வகுப்பில் இருக்கிறார்கள். இருந்தாலும் ‘எல்லாரும் வைத்திருக்கிறார்கள், எனக்கு மட்டும் இல்லை’ என்ற வழக்கை என்னிடம் கொண்டுவர இப்போது அவளால் முடிவதில்லை. பெற்றோர் தனித்தனியாகப் போராட வேண்டிய நிலையை அரசு ஒரே நாளில் மாற்றியது பெரிய உதவி. 2025 டிசம்பரில் மதுரைக் கிளையும் இத்தகைய சட்டத்தை ஒன்றிய அரசு ஆராயலாம் என்று கருத்துத் தெரிவித்ததை இங்கிருந்து படித்தேன். நம் ஊரிலும் வந்தால் நல்லது என்பதே என் நிலைப்பாடு.

மதுரை மாணவி எழுதியது:

ஆசிரியர் ஐயா, அக்கா, மெல்பர்ன் அண்ணா, எல்லாருக்கும் வணக்கம். நான் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பேசப்படுவது எங்களைப் பற்றி என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எங்கள் பழக்கம் ஒரே மாதிரி நிற்கவில்லை. நான் பத்தாம் வகுப்பில் கணக்குத் தொடங்கியபோது எல்லாரும் படம் போட்டோம், யார் விரும்பினார்கள் என்று எண்ணினோம். இன்று என் வகுப்பில் பாதிப் பேருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு படமும் இருக்காது. பழையவற்றை அழித்துவிட்டார்கள், அல்லது மறைத்துவிட்டார்கள். ஏதாவது பகிர வேண்டுமென்றால் ‘க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்’ பட்டியலில் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, பச்சை வளையத்தோடு வரும் ஸ்டோரியில் மட்டும் போடுகிறோம். மற்றபடி, பார்த்த ரீல்ஸைத் தோழிக்கு அனுப்புவதும், அவள் பதிலுக்கு ஒன்று அனுப்புவதும்தான் பேச்சு. நாங்களே எழுதுவது குறைந்துவிட்டது. யாரோ செய்ததைக் கைமாற்றுவது பெருகிவிட்டது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பெரியப்பா, அத்தை, மாமா என்று ஒரு நீண்ட பட்டியலை விலக்கி வைத்துவிட்டுத்தான் ஒரு கல்லூரி விழாப் படத்தையே போடுகிறோம். பெண்கள் பலரின் முகப்புப் படத்தில் முகத்தின் மேல் ஓர் இதயக்குறி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். முகத்தை எடுத்து வேறு உடலில் ஒட்டிப் பரப்புவார்கள் என்ற அச்சம் அதன் பின்னால் இருக்கிறது. என் பள்ளித் தோழி ஒருத்திக்கு அது நடந்தது. அவள் வீட்டில் முதலில் செய்த காரியம், அவளுடைய கைப்பேசியை வாங்கி உடைத்தது.

இங்கேதான் மெல்பர்ன் அண்ணாவோடு நான் மாறுபடுகிறேன். ஆஸ்திரேலியாவில் சட்டம் நிறுவனத்தைப் பிடிக்கிறது. நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் வந்தால், அரசிதழில் அது நிறுவனத்தைப் பற்றியதாகவே இருக்கும், வீட்டுக்குள் அது பெண்ணைப் பற்றியதாக மாறிவிடும். ஆசிரியர் ஐயா குறிப்பிட்ட அதே ஏசர் அறிக்கையில் இன்னொரு செய்தி இருக்கிறது. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14–16 வயது ஆண்பிள்ளைகளில் 36.2 விழுக்காட்டினரிடம் சொந்தக் கைப்பேசி இருக்கிறது; பெண்பிள்ளைகளில் 26.9 விழுக்காட்டினரிடம்தான் இருக்கிறது. தடை என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணன் கைப்பேசியை யாரும் கேட்க மாட்டார்கள். தங்கையின் கைப்பேசி மட்டும் பீரோவுக்குள் போகும். அவன் அப்பாவின் கணக்கில் எப்போதும்போல் பார்த்துக்கொண்டிருப்பான். உதவித்தொகை விண்ணப்பமும், மாதிரி வினாத்தாளும், இரவுப் பேருந்தில் ஏறிவிட்டேன் என்று வீட்டுக்குச் சொல்வதும் அந்தப் பெண்ணுக்கு இல்லாமல் போகும்.

நாங்கள் அதிகமாகப் பார்க்கிறோம் என்பதை நான் மறுக்கவில்லை. விடுதியில் விளக்கணைத்த பிறகு எல்லாக் கட்டில்களிலும் நீல வெளிச்சம் தெரியும். எங்களுக்கே அது பிடிக்கவில்லை. வகுப்பில் பலர் தேர்வுக்கு முன் இன்ஸ்டாகிராமை நீக்கிவிட்டு, தேர்வு முடிந்ததும் மீண்டும் ஏற்றுகிறார்கள். இதைத் தாமாகவே செய்கிறார்கள், யாரும் சொல்லி அன்று. அந்த முயற்சிக்குத் துணை செய்யும் ஏற்பாடு எதுவோ அதைப் பற்றி நாம் பேசினால் எனக்கு மகிழ்ச்சி.

உளநல ஆலோசகர் எழுதியது:

பதின்ம வயதினரோடு பணிபுரியும் ஆலோசகர் என்ற முறையில் இரண்டு செய்திகளை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

திரை நேரத்தின் மொத்த அளவுக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பு பொதுவாக நம்பப்படும் அளவுக்கு வலுவானதாக ஆய்வுகளில் வெளிப்படவில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பதின்ம வயதினரின் தரவுகளை வைத்து ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இருவர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், டிஜிட்டல் பயன்பாடு மனநலத்தில் காணப்படும் வேறுபாட்டில் 0.4 விழுக்காட்டுக்கு மேல் விளக்கவில்லை. ஆகவே கவலை வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சராசரி என்பது பலரை ஒன்றாகக் கலந்துவிடுகிறது. தோழியோடு பேசி ஆறுதல் அடையும் பெண்ணும், தன் உடலை வெறுக்கும் வரை அடுத்தவர் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணும் அந்தக் கணக்கில் ஒரே இரண்டு மணி நேரமாகத்தான் பதிவாகிறார்கள். நான் பார்க்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அடிமைப்பட்டவர்கள் அல்லர். டிஜிட்டல் விளையாட்டைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் அதை ஒரு கோளாறாகத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் கட்டுப்பாட்டை இழப்பதும், படிப்பும் உறவும் குலைவதும், பொதுவாக ஓராண்டுக் காலமாவது அது நீடிப்பதும் இருந்தால்தான் அந்தப் பெயரைச் சூட்ட வேண்டும் என்கிறது. பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தில் 2014 முதல் இதற்கென்று தனிப் பிரிவு இயங்குகிறது. அந்த நிலைக்குப் போன பிள்ளைக்குச் சிகிச்சை தேவை, திட்டுவதால் பயனில்லை. 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

இரண்டாவது, உறக்கம். என்னிடம் ஒரு பெற்றோர் எந்தக் குறையோடு வந்தாலும், எரிச்சல், மறதி, மதிப்பெண் சரிவு, எதுவாயினும், நான் முதலில் கேட்பது எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்பதைத்தான். 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே இயல்பாகப் பின்தள்ளிப் போகிறது. பத்து மணிக்குத் தூக்கம் வராத பையனின் கையில் முடிவே இல்லாத காணொளி வரிசை இருந்தால் அது ஒரு மணியாகும், இரண்டு மணியாகும். ஆறு மணிக்கு டியூஷனுக்கு எழுப்பிவிடுகிறோம். இப்படி மூன்று மாதம் போனால் எந்தப் பிள்ளைக்கும் மனச்சோர்வின் சாயல் வந்துவிடும். தமிழ்நாடு அரசு 2025இல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை நிறுத்தி வைக்க விதி செய்தது. உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அதே ஆண்டில் ஒன்றியச் சட்டம் அந்த விளையாட்டுகளையே முழுவதும் தடுத்துவிட்டது என்றாலும், இரவு வேளையைத் தனியாகக் காக்க வேண்டும் என்று அரசுக்குத் தோன்றியதை நான் மதிக்கிறேன். வீட்டிலும் அந்த வேளையைக் காப்பாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். பெற்றோரின் கைப்பேசியும் அந்த நேரத்தில் படுக்கையறைக்கு வெளியே இருந்தால்தான் பிள்ளை அதை ஏற்கும். தலையணை அருகே சார்ஜரைச் செருகி வைத்துக்கொண்டு தந்தை சொல்லும் அறிவுரையை எந்தப் பதினாறு வயதுப் பிள்ளையும் காதில் வாங்குவதில்லை.

நிரலாளன் எழுதியது:

பின்னலாடை நகர் அக்கா சொன்ன தந்தையின் கணக்கைப் பற்றித் தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து சிறிது சேர்க்கிறேன், ஏனெனில் சட்டங்களும் நிறுவனங்களும் இதுவரை செய்திருக்கும் பாதுகாப்புகள் எல்லாம் அங்கேதான் ஓட்டையாகின்றன.

2025 பிப்ரவரியில் இன்ஸ்டாகிராம் இந்தியாவில் பதின்ம வயதினருக்கான கணக்குகளை அறிமுகப்படுத்தியது. அதில் கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும். இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் அடங்கியிருக்கும். 16 வயதுக்கு உட்பட்டவர் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் பெரும்பாலும் பிறந்த ஆண்டை உண்மையாகக் கொடுத்த பிள்ளைக்குத்தான் அவை கிடைக்கும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், 18 வயதுக்கு உட்பட்டோரைக் குழந்தை என்றே வரையறுத்து, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்றும் சொல்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கைப்பேசி அப்பாவுடையது, சிம் அப்பாவுடையது, ஓடிபி வருவதும் அதே கைப்பேசிக்கு என்றால், அந்தப் பையன் சட்டத்தின் கண்ணில் 41 வயது மனிதன். ஒப்புதல் கொடுப்பவனும் அவனே.

ஆஸ்திரேலியாவில் ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு கணக்கு என்பது பொதுவான நிலை என்பதால் அந்தச் சட்டத்துக்குப் பிடிமானம் இருக்கிறது. வீட்டுக்கு ஒன்றை நான்கு பேர் பகிரும் இடத்தில் வயது வரம்பு எதையும் பிடிக்காமல் நழுவிவிடும். அதனால் அக்காவுக்கு என் வேண்டுகோள்: ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் ஒரே கருவியில் இரண்டாவது பயனரைச் சேர்க்கும் வசதி உண்டு. மகனுக்கென்று அவனது உண்மையான பிறந்த தேதியோடு ஒரு கணக்கைத் தொடங்கி, கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியான ஃபேமிலி லிங்க் வழியாக உங்கள் கணக்கோடு இணைத்துவிடுங்கள். அந்த வசதி இல்லாத கைப்பேசியாக இருந்தால், யூடியூபில் ‘வாட்ச் ஹிஸ்டரி’யை அழித்து நிறுத்திவிடுங்கள், முகப்பில் தானாக வந்து குவியும் பரிந்துரைகள் பெருமளவு குறையும், அவன் தேடியதை மட்டுமே பார்ப்பான்.

இந்த முடிவில்லாத ஓட்டம் இயற்கையாக அமைந்தது அன்று என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்துக்குப் போக ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்த காலம் இருந்தது. 2006இல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அந்தத் தடையை எடுத்துவிடும் முறையை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தவும் செய்தார். நிறுத்தும் இடத்தை அகற்றிவிட்டு, நிறுத்தத் தெரியவில்லை என்று பிள்ளையைக் குறை சொல்வது நியாயமாகாது. வரம்பு வேண்டியது அந்த வடிவமைப்புக்கு.

மெல்பர்ன் வாசி எழுதியது:

மதுரை மாணவி சொன்னதை நான் எண்ணிப் பார்க்கவில்லை என்று சொல்வதைவிட, இங்கிருந்து எண்ணிப் பார்க்க இயலாது என்பதே சரி. ஆனாலும் பெண்ணின் கைப்பேசிதான் முதலில் பறிக்கப்படும் என்பதற்காக நிறுவனங்களின் மீது பொறுப்பைச் சுமத்தாமல் விடுவது சரியாகுமா? சட்டம் வரட்டும், அதில் கணக்கு மட்டுமே பேசப்பட வேண்டும், கருவி பேசப்படக் கூடாது.

மதுரை மாணவி எழுதியது:

அண்ணா, நிரலாளன் சொன்ன அந்த முடிவில்லா ஓட்டத்தையும், தானாக அடுத்தது ஓடுவதையும், நள்ளிரவு அறிவிப்புகளையும் எல்லா வயதினருக்கும் நிறுத்தச் சொல்லும் சட்டம் வந்தால் முதல் கையெழுத்து என்னுடையது. வயது கேட்க வேண்டியதில்லை, யாருடைய கைப்பேசி என்று பார்க்க வேண்டியதில்லை, எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணிடமிருந்தும் எதையும் பிடுங்க வேண்டியதில்லை.

பின்னலாடை நகர் எழுதியது:

நிரலாளன் தம்பிக்கு நன்றி. மகனை அருகில் வைத்துக்கொண்டே வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்திவிட்டேன். முகப்பு வெறுமையாக இருக்கிறது என்று முதலில் கோபித்துக்கொண்டான். பிறகு அவனே கபடி ஆட்டங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கிவிட்டான். ஆசிரியர் ஐயாவிடம் ஒரே கோரிக்கை: உங்கள் தீர்மானத்தில் பெற்றோருக்கு என்ன சொன்னாலும், பள்ளிக்கும் ஒரு வரி எழுதுங்கள். இரவில் வரும் வீட்டுப்பாடச் செய்திகளை நிறுத்தச் சொல்லுங்கள்.

பொருநைக்கரை ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அம்மாவின் கோரிக்கையே தீர்மானத்தின் முதல் வரியாக இருக்கும். வீட்டுப்பாடம் வகுப்பு முடியும் முன் கரும்பலகையிலேயே எழுதப்பட வேண்டும். வகுப்புக் குழுக்களில் மாலை ஆறு மணிக்குப் பின் அவசர அறிவிப்பைத் தவிர வேறு எதுவும் அனுப்பக் கூடாது. இது ஆசிரியர்களாகிய எங்களையே கட்டுப்படுத்தும் விதி என்பதால், பெற்றோரிடம் எதையும் கேட்பதற்கு முன் இதை நாங்கள் ஏற்க வேண்டும். சில நண்பர்கள் முணுமுணுப்பார்கள், பேசிப் பார்க்கிறேன்.

பெற்றோரிடம் வைக்கப்போவது இரவு பத்து மணிக்கு மேல் எல்லாக் கைப்பேசிகளும், பெரியவர்களுடையவை உட்பட, ஒரே இடத்தில் சார்ஜில் இருக்க வேண்டும் என்ற ஒன்று மட்டுமே. மணிக்கணக்கைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை. பிறந்த தேதியை உண்மையாகக் கொடுத்துக் கணக்குத் தொடங்குவதையும், கணக்கைத் தனிப்பட்டதாக வைப்பதையும், தொல்லை தருபவரைத் தடுத்து முறையிடுவதையும் எங்கள் கணினி ஆய்வகத்தில் ஒரு சனிக்கிழமை கற்றுத்தரலாம் என்றிருக்கிறேன். ஏசர் அறிக்கையின்படி சமூக ஊடகம் பயன்படுத்தும் பிள்ளைகளில் 55.2 விழுக்காட்டினருக்குத்தான் கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றத் தெரியும். படம் திரித்துப் பரப்பப்பட்டால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் முறையிடலாம் என்பதையும், அப்படி நடந்த பெண்ணின் கைப்பேசியை வீட்டில் உடைத்தால் சான்றும் சேர்ந்து அழியும் என்பதையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்.

சாதிக் காணொளிகளுக்கு விதி எழுதி ஒட்டுவதால் பயன் விளையும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் காணொளிகளில் நிற்கும் பையன்கள் பெரும்பாலும் வேறு எங்கும் யாராலும் கவனிக்கப்படாதவர்கள். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் இரண்டு ஊர்ப் பையன்களையும் கலந்து ஒரே கைப்பந்து அணியாக அமைத்து, அவர்கள் ஆட்டத்தைப் பள்ளியின் பெயரில் காணொளியாக எடுத்துப் போட அனுமதி கேட்டிருக்கிறார். தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டால் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடுவோம்.

பள்ளிக்குள் கைப்பேசி கூடாது என்ற விதியை மட்டும் மாணவியின் பதிவைப் படித்த பின் சற்று மாற்ற எண்ணியிருக்கிறேன். கடைசிப் பேருந்தில் போகும் பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், கொண்டுவரட்டும். காலையில் அலுவலகத்தில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, மாலை மணி அடித்ததும் வாங்கிக்கொள்ளட்டும். அண்ணனுக்கும் தங்கைக்கும் அதே பதிவேடுதான்.